சிவப்பு வட்டம் இருந்தா அது அட்வைஸ் இல்ல
அண்ணே, இங்கிலாந்துல லண்டனைச் சுத்திப் போற எம்25 மோட்டார்வேல, ரோட்டுக்கு மேல போர்டுல வர்ற 50, 40 மைல் வேகமெல்லாம் வெறும் அட்வைஸ்தான், ஃபைன் வசூலுக்கு யாரோ உக்காந்து மாத்துறாங்கன்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்பு, இதை நம்பி யாராவது ஓட்டுனா ஆபத்து. நம்பரைச் சுத்தி சிவப்பு வட்டம் இருந்தா அது சட்டப்படி லிமிட், கேமரா புடிக்கும். வட்டம் இல்லாம நம்பர் மட்டும் வந்து மஞ்சள் லைட் மின்னுனாதான் அட்வைஸ். போர்டுல ஒண்ணுமே இல்லாட்டியும் 70 மைல் லிமிட் இருக்கத்தான் செய்யுது.

மாத்துறது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். மிடாஸ்னு ஒரு சிஸ்டம், ரோட்டுக்குள்ள புதைச்ச கம்பிச் சுருளை வச்சு வண்டிகளை எண்ணி, வேகத்தையும் பாத்து, நெரிசல் கூட ஆரம்பிச்சதுமே 60, 50-னு இறக்கும். ஆக்சிடென்ட் மாதிரி ஏதாவதுன்னா கன்ட்ரோல் ரூம்லயே போடுவாங்க. எம்25-ல இந்த மாறுற லிமிட் 1995-லயே வந்துருச்சு.

முன்னாடி ஒருத்தர் பட்டுனு பிரேக் அடிச்சா அது அலை மாதிரி பின்னாடி பரவி, கடைசில வர்றவர் காரணமே தெரியாம நிப்பாரு, அதைத் தடுக்கத்தான் எல்லாரையும் ஏறக்குறைய ஒரே வேகத்துல விடுறாங்க. போன வாரம் ரோடு காலியா தெரியுதேன்னு நினைச்சுக்கிட்டேதான் நான் 40-க்கு இறக்குனேன், வளைவு தாண்டுனதும் எல்லா லேன்லயும் பிரேக் லைட்டு.