டால்பினைத் தொட்டியில் அடைத்தவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம் மைன்கிராஃப்ட் கேம் சர்வரில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த க்ளிப்பை நானும் பார்த்தேன். கண்ணாடித் தொட்டி, மேல் மூடி வரைக்கும் தண்ணீர், உள்ளே ஒரு டால்பின் கூட்டம். மூச்சு விட ஒரு ப்ளாக் இடம்கூடக் காலியாக விடவில்லை. ஒவ்வொன்றாகச் சிவந்து சிவந்து சாகிறது. பின்னால் சிரிப்புச் சத்தம். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

குரூப்பில் நான் ஒரு வரிதான் எழுதினேன், "இது சரியில்லை" என்று. அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகுதான் இங்கே வந்து எழுதுகிறேன்.

மைன்கிராஃப்டில் டால்பினை மற்ற மிருகங்களோடு சேர்க்க முடியாது. 2018 ஜூலையில் கடல் அப்டேட் வந்தபோதே அதை அப்படித்தான் செய்து வைத்தார்கள். ஓநாய்க்கு எலும்பு கொடுத்தால் அது உங்கள் நாய். பூனைக்கு மீன் கொடுத்தால் உங்கள் பூனை. டால்பினுக்கு எத்தனை மீன் கொடுத்தாலும் அது உங்களுடையது ஆகாது. ஆனாலும் ஒரு பச்சை காட் மீனையோ சால்மனையோ கொடுத்துப் பாருங்கள். வாங்கித் தின்றுவிட்டு முன்னால் நீந்தும். பக்கத்தில் எங்கே கப்பல் மூழ்கிக் கிடக்கிறதோ, எங்கே பழைய இடிபாடு இருக்கிறதோ, அங்கே கூட்டிக்கொண்டு போகும். அதன் பக்கத்தில் நீந்தினால் நம் வேகம் கூடும். படகை எடுத்தால் துள்ளிக்கொண்டு பின்னாலேயே வரும். தண்ணீரில் எதையாவது போட்டால் அதை வைத்து விளையாடும். ஒன்றை அடித்தால் பக்கத்தில் இருக்கிற மற்றவை திரும்பி வந்து அடிக்கும். யாருக்கும் சொந்தமாகாமலே உதவி செய்கிற ஜீவன். அதைத்தான் அடைத்து வைத்துக் கொன்றீர்கள்.

என் அக்கா பையன் இந்த சர்வரில்தான் விளையாடுவான். அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், அதனால் வாய்ஸ் சாட்டில் வரமாட்டான், எல்லாம் டைப்பிங்தான். ஒருநாள் நடுக்கடலில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டான். கவசம் இல்லை, சாப்பாடு இல்லை, கையில் கடைசியாக ஒரு காட் மீன். அதை அவன் தின்னாமல் பக்கத்தில் வந்த டால்பினுக்குக் கொடுத்தான். அது திரும்பிப் போக ஆரம்பித்தது, இவனும் பின்னாலேயே போனான். "சித்தி சித்தி, இது எனக்கு வழி காட்டுது" என்று சாட்டில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்கு அடியில் பாய்மரக் கம்பம் தெரிந்தது. கப்பலுக்குள் பெட்டி, பெட்டிக்குள் புதையல் மேப். அப்புறம் பல சாயங்காலம் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டு, கேமில் மிருகத்துக்குப் பெயர் வைக்கிற பெயர்ப்பட்டை ஒன்றைப் பிடித்தான். அந்த டால்பினுக்கு முத்து என்று பெயர் வைத்தான்.

க்ளிப்பை நிறுத்திப் பாருங்கள். தொட்டியில் இடது பக்கம் இருந்ததன் தலைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது?

"அது வெறும் ப்ரோகிராம், இதற்கு இவ்வளவு சீன் போடணுமா" என்கிறார்கள். சரி, ப்ரோகிராம்தான். அப்படியானால் அதைச் செய்தவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? 2017-ல் கிளியைக் கொண்டுவந்தபோது முதலில் குக்கி கொடுத்துப் பழக்கலாம் என்று வைத்திருந்தார்கள். சாக்லேட் நிஜக் கிளிக்கு விஷம், குழந்தைகள் இதைப் பார்த்து வீட்டுக் கிளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று விளையாடுகிறவர்களே எழுதினார்கள். கேம் செய்தவர்கள் அதைக் கேட்டு விதையாக மாற்றினார்கள். இன்றைக்கு கேமிலும் குக்கி கொடுத்தால் கிளி செத்துப்போகும். திரையில் செய்கிற பழக்கம் கைக்கும் வரும் என்று கேம் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

"மிருகத்தைக் கட்டி இழுக்கிற லீட் கயிற்றை டால்பினுக்கும் கட்ட முடிகிறதே, கேமே அனுமதிக்கிறதே" என்று ஒருவர். கேம் இன்னொன்றும் வைத்திருக்கிறது. காற்று கிடைக்காமல் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் 4 நிமிடத்தில் டால்பினுக்கு மூச்சு முட்டும். தண்ணீருக்கு வெளியே 2 நிமிடம் கிடந்தால் காய்ந்துபோகும், மழை பெய்தால் மட்டும் தாங்கும். இது மீன் இல்லை, மேலே வந்து மூச்சு விடுகிற உயிர் என்று யோசித்து யாரோ உட்கார்ந்து எழுதியது அது. அதைத் தெரிந்துகொண்டுதான் மேல் மூடி வரைக்கும் தண்ணீர் நிரப்பினீர்கள். தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

"நீ கேமில் ஆடு மாடு வெட்டவில்லையா?" வெட்டுகிறேன், சாப்பாட்டுக்கு. அதை க்ளிப் எடுத்துச் சிரிக்கவில்லை. இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

நிஜக் கடலில் இருப்பதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பாட்டில்மூக்கு டால்பின் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு விசில் உண்டு. அந்த விசிலை ஒலிக்கவிட்டால், தன்னைக் கூப்பிட்டது போல அது பதில் கொடுக்கிறது என்று 2013-ல் ஆய்வு வெளியானது. அதே வருடம் இன்னொரு ஆய்வு, முன்னே ஒன்றாக வாழ்ந்த டால்பினின் விசிலை 20 வருடம் கழித்தும் அடையாளம் கண்டுகொள்கிறது என்று. பிரேசிலில் லாகுனா என்ற ஊரில் தலைமுறைகளாக மீனவர்களும் டால்பின்களும் சேர்ந்தே மீன் பிடிக்கிறார்கள். டால்பின்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டிவந்து சட்டென்று ஒரு அசைவு காட்டும். இடுப்பளவு தண்ணீரில் காத்து நிற்கிற மீனவர் அதைப் பார்த்துத்தான் வீச்சுவலையை எறிவார். யாரும் கட்டி வைத்துப் பழக்கவில்லை. கேமில் வழி காட்டுகிற டால்பின் வெறும் கற்பனை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதீர்கள்.

நம் நாட்டிலேயே 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டால்பினை மனிதர் அல்லாத ஒரு ஆளாகவே கருத வேண்டும் என்று அறிஞர்கள் சொல்வதை அந்தச் சுற்றறிக்கையே எடுத்துச் சொல்கிறது. ஒரு அரசாங்கம் தொட்டி வேண்டாம் என்று சொன்ன பிறகு, நாம் விளையாட்டுக்கென்று ஒரு தொட்டி கட்டி அதில் சாகடித்துச் சிரிக்கிறோம்.

எனக்கு அந்தக் க்ளிப்பைவிட வலித்தது அடுத்து நடந்தது. "முத்து என்னோடது" என்று பையன் டைப் செய்தான். அதற்கு ஒருவர் வாய்ஸில் வந்து "மு... மு... முத்து" என்று திக்கிக் காட்டினார். அவன் திக்குவது உங்களில் யாருக்கெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். அங்கே அப்போது ஆன்லைனில் இருந்தவர்களில் ஒருவர்கூட "டேய் நிறுத்து" என்று சொல்லவில்லை. என் பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதுகிறவர்கள், என் பதிவுகளுக்கெல்லாம் ஹார்ட் போடுகிறவர்கள், எல்லாரும்தான் அங்கே இருந்தீர்கள். "அக்கா, விடுங்க, சின்னப் பசங்க" என்று எனக்கு இன்பாக்ஸ் அனுப்பத் தெரிந்தது. சின்னப் பையன் அங்கே இருந்தது அவன் ஒருவன்தான்.

தொட்டியை நான் உடைத்துவிட்டேன். திரும்பக் கட்டினால் திரும்ப உடைப்பேன், என்னை பேன் செய்தாலும் பரவாயில்லை. அட்மின் இதற்கு ஒரு விதி போடுகிறாரா இல்லையா என்று குரூப்பில் எல்லாரும் பார்க்கும்படி சொல்லட்டும். மன்னிப்பு கேட்க நினைக்கிறவர்கள் எனக்கு எழுத வேண்டாம். பையன் இன்னும் சர்வரில்தான் இருக்கிறான், அவன் பெயர் உங்களுக்குத் தெரியும். அவனிடம் கேளுங்கள், வாய்ஸில் வந்து, மற்றவர்கள் கேட்கும்படி.