வண்டி என் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்

காரில் உட்கார்ந்ததும் முதல் வேலை சீட் பெல்ட். அடுத்த வேலை, ஆங்கில ‘A’ எழுத்தைச் சுற்றி ஒரு அம்பு வளைந்திருக்குமே, அந்தப் பொத்தானை அமுக்குவது. மூன்று வருஷமாக அமுக்கியதில் அம்பு பாதி அழிந்துவிட்டது. ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை அணைக்க அது ஒன்றுதான் வழி. உச்சிப்புளியில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், அணைத்தது மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்பவும் அமுக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: வண்டி நின்று, நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். கிளட்சை மிதித்தால் தானாக ஓடும். நிற்கும் நேரத்தில் பெட்ரோல் மிச்சம்.

வண்டி வாங்கிய வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு மண்டபம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் கிளம்பினேன். அன்றைக்கு அக்னி தீர்த்தத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. பத்தடி நகரும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் இன்ஜினும் நின்றது. ஏசி கம்ப்ரசரைச் சுற்றுவது இன்ஜின்தானே, அது நின்றால் வெறும் ஃபேன் காற்று மட்டும்தான் வரும். இரண்டு நிமிஷத்தில் அது அனலாகிவிடும். கண்ணாடியை இறக்கினால் கச்சான் காற்று மணலை வாரி உள்ளே கொட்டும். அம்மா பின்சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டே, “ஏப்பா, வண்டி நின்னுபோச்சா? இறங்கி நடந்துருவமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். நெற்றியில் இட்டிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது. இந்தப் பொத்தான் எதற்கென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சில வண்டிகளில் உள்ளே சூடு ஏறினால் இன்ஜின் தானாகத் திரும்ப ஓடும். என்னுடையது சின்ன வண்டி, அதற்கு அந்த அறிவு கிடையாது.

இந்த வசதியே வீண் என்று நான் சொல்லவில்லை. சிறிய பெட்ரோல் இன்ஜின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைத்து ஸ்டார்ட் செய்வதுதான் லாபம். சென்னையில் சிக்னலுக்குச் சிக்னல் ஒன்றரை நிமிஷம் நிற்கிறவருக்கு மாதக் கடைசியில் கணக்குத் தெரியும். நான் மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிறவன். 35 கிலோமீட்டர் சொச்சம். நான் நிற்பதெல்லாம் ஆடு குறுக்கே வந்தாலோ, பஸ் ஆள் இறக்கினாலோதான். அதிகம் போனால் ஐந்து விநாடி.

அப்படியிருக்க, நான் அணைத்ததை வண்டி ஏன் மறந்துபோகிறது? கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். விற்பனைக்கு வருமுன் வண்டியை உருளைமேல் ஓட்டிப் புகையை அளப்பார்கள். நம் நாட்டில் இதுவரை வழக்கத்தில் இருந்த சோதனை 1,180 விநாடி. அதில் கிட்டத்தட்ட கால்வாசி நேரம் வண்டி நின்றபடியேதான் இருக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் அணைந்திருந்தால் கணக்கில் கரியமில வாயு குறையும். கம்பெனி விற்கும் வண்டிகளின் சராசரி கிலோமீட்டருக்கு 113 கிராம் அளவில் இருக்க வேண்டும் என்று 2022-23 முதல் விதி. சாவியைப் போட்டதும் வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையில்தான் சோதனை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் ‘ஆன்’ ஆகவே விழிக்கிறது. சோதனைக்கூடத்துக்குச் சரி. ஆனால் வாங்கியவன் நான், பெட்ரோல் போடுகிறவன் நான், ஓட்டுகிற சாலையும் என்னுடையது. அணைத்த நிலையிலேயே வண்டி வரட்டும், வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளட்டும். அது முடியாதென்றால், கடைசியாக வைத்த நிலையையாவது நினைவில் வைத்திருக்கட்டும். ரேடியோவில் நேற்று வைத்த நிலையம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறதே.

இரவல் வாங்கிப் போகிறவர்களுக்கு இது இன்னும் சிரமம். போன கோடையில் தங்கச்சி வீட்டுக்காரர் என் வண்டியை எடுத்துப்போனார். ரயில்வே கேட்டில் நின்றபோது இன்ஜின் தானாக அணைந்தது. அவர் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, நுங்கு வாங்க இறங்கிவிட்டார். கேட் திறந்தது. கிளட்சை மிதித்தால் ஒரு சத்தமும் இல்லை. பெல்ட் கழன்று கதவு திறந்தால் பல வண்டிகள் தானாக ஸ்டார்ட் ஆகாது, பாதுகாப்புக்காக அப்படி. அது அவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் பஸ் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்க, “மச்சான், வண்டி செத்துப்போச்சு” என்று எனக்கு போன். “சாவியை முழுசா ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடுங்க மாப்ளே” என்றேன். உடனே ஓடியது. அவர் கை நடுங்கியது குரலிலேயே தெரிந்தது.

அப்புறம் பேட்டரி. இந்த வண்டிகளுக்கு, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும், விலை கூடுதல். நான் பயன்படுத்தாத வசதிக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. “சாதா பேட்டரி போட்டா சீக்கிரம் படுத்துரும் அண்ணே” என்றார் கடைக்காரர். எங்கள் உப்புக்காற்றில் டெர்மினல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடுவது வேறு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் சின்ன சென்சாரின் வயரைப் பிடுங்கிவிட்டால் ஸ்டார்ட்-ஸ்டாப் நின்றுவிடும் என்று வீடியோ பார்த்துவிட்டுச் செய்கிறார்கள். நிற்கும்தான். ஆனால் பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்று வண்டி கணக்குப் பார்ப்பதும் அந்த சென்சாரை வைத்துத்தான். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

போன சர்வீஸில் இதை நிரந்தரமாக அணைத்துத் தரச் சொன்னேன். “அந்த ஆப்ஷனே இல்ல சார், பட்டன்தான்” என்றார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கருத்துப் படிவத்தில் மற்ற கேள்விகளுக்கெல்லாம் ‘நன்று’ போட்டுவிட்டு, கீழே காலியாக இருந்த மூன்று கோட்டிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சர்வீஸ் தையில் வருகிறது. அப்போதும் எழுதுவேன்.