நாலு பச்சை டிக், ஒரு சிவப்பு பெருக்கல்

“பிராசசர் ஏழாவது ஜெனரேஷன் சார். விண்டோஸ் 11 ஏறாது. ஒண்ணும் பண்ண முடியாது.”

ஐசியு வாசலில் கேட்கிற அதே குரல். கடைத் தம்பி லேப்டாப்பை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கினான், கை வைக்கும் இடத்தில் பாதி உரிந்து கிடந்த ஸ்டிக்கரைப் படித்தான், மூடிவிட்டான். அவ்வளவுதான் பரிசோதனை.

விண்டோஸ் 11 ஏறுமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கிற பெட்டகம்)? பச்சை டிக். செக்யூர் பூட் (ஆன் ஆகும்போது கள்ள மென்பொருள் நுழையாமல் தடுப்பது)? பச்சை டிக். ராம் 4 ஜிபி போதுமாம், என்னிடம் 8. டிக். இடம் 64 ஜிபி கேட்கிறது, நான் 256 வைத்திருக்கிறேன். டிக். கடைசியில் பிராசசருக்கு, அதாவது கணினியின் மூளையான சிப்புக்கு, எதிரே சிவப்பாக ஒரு பெருக்கல் குறி! பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் தின்று, காபியும் குடித்துவிட்டு, “பொண்ணு பிறந்த வருஷம் சரியில்லையே” என்று எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

என்னுடைய பிராசசர் இன்டெல் ஐ5-7200யு, ஏழாம் தலைமுறை. 2017 மே மாதம் வாங்கினேன். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். லேப்டாப்புக்கான எட்டாம் தலைமுறை அதே வருடம் ஆகஸ்டில் வந்தது. மூன்று மாதம் பொறுத்திருந்தால் என் சாதி உயர்ந்திருக்கும். சரி, விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே என்று பார்த்தால், அதே ஏழாம் தலைமுறை ஐ7-7820எச்க்யூ சிப்புக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அது உட்கார்ந்திருந்தது விதி போட்ட மைக்ரோசாஃப்டே விற்ற விலையுயர்ந்த கணினிக்குள். வாத்தியார் பிள்ளை பாஸ்.

2025 அக்டோபர் 14-ஓடு என்னிடம் இருக்கிற விண்டோஸ் 10-க்கு அப்டேட்டை நிறுத்திப் பால் ஊற்றியாயிற்று. அப்புறம் பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் ஒரு வருட நீட்டிப்பு என்று மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

“விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடலாமா தம்பி?”

“ஓடும் சார். உங்க கணக்கு சாஃப்ட்வேர் ஓடாது. எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க, 2,500 தர்றேன்.”

ரெண்டாயிரத்து ஐநூறு. போன வருடம் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட மட்டும் அதைவிட அதிகம் ஆனது. போட்டதும் இதே தம்பிதான். “இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் சார்” என்று சொன்னதும் இவன்தான்.

பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். “சார், செக் பண்ணதுக்கு 300.”

ஸ்டிக்கர் படித்ததற்கு! சிரிப்புதான் வந்தது. கொடுத்தேன்.

வெளியே வந்தால் என் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ரெண்டும் ஹேண்டில் லாக். இந்த ஊரில் வண்டியை நேராக நிறுத்தத் தெரிந்த ஒரு ஜென்மம்கூடவா கிடையாது?