பிசாசு ஏமாந்த கதைகளும் நிறைய இருக்கு
ஜெர்மன் கதைல பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டவன் யாருமே தப்பிச்சதில்லன்னு ஒரு கட்டுரைல படிச்சேன், அத ஏத்துக்க முடியல. 1587ல அச்சான, ஃபவுஸ்ட்ங்கிறவன் பிசாசோட ஒப்பந்தம் போட்ட கதைக்கு வேணா அது சரி, ரத்தத்துல கையெழுத்துப் போட்டு 24 வருஷத்துல உயிர விட்டான், ஆனா ஜனங்க வாய்வழியா சொன்ன கதைங்க பலதும் வேற மாதிரி. ஜெர்மனில ஆஹென் நகரத்துல கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம், கட்ட காசு பத்தாம பிசாசுகிட்ட வாங்குறாங்க, முதல்ல உள்ள நுழையுற உயிர் தனக்குன்னு அது கேக்குது, ஊர்க்காரங்க ஒரு ஓநாய உள்ள விரட்டி விட்டுடறாங்க! கோவத்துல கதவ அறைஞ்சப்போ பிசாசோட கட்டைவிரல் மாட்டிக்கிச்சாம், அந்த வெண்கலக் கதவுல இருக்குற சிங்கத்தலைக்குள்ள கைய விட்டா இன்னிக்கும் தட்டுப்படும்னு சொல்றாங்க. ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து பழைய பாலத்தோட கதைலயும் இதே மாதிரிதான், பிசாசுக்குக் கிடைச்சது ஒரு சேவல். க்ரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகள்ல வர்ற விவசாயிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சவன், மண்ணுக்கு மேல விளையுறது உனக்குன்னு பிசாசுகிட்ட ஒத்துக்கிட்டு, மண்ணுக்கடில விளையுற டர்னிப் கிழங்கு போடறான், அடுத்த தடவ பிசாசு கீழ இருக்குறத கேட்டதும் கோதுமை விதைச்சுட்டான்.