எஸ்யுஎஸ்எஸ் தனியார் கல்லூரியா?

“கிளமெண்டி ரோட்டில் இருப்பது தனியார் கல்லூரிதான். அங்கே வாங்கும் தமிழ்ப் பட்டம் அரசாங்கத்தில் செல்லாது.” பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் (எஸ்யுஎஸ்எஸ்) 2017இல் நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது, அதாவது அரசாங்க நிதி பெற்று, தன் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம். அதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் (என்யுஎஸ்), நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியு) இருக்கும் அதே வரிசைதான். அங்கே பட்டப் படிப்பில் சேரும் சிங்கப்பூரர்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியமும் உண்டு.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. 2005இல் ‘சிம் பல்கலைக்கழகம்’ என்று தொடங்கியபோது அது உண்மையிலேயே தனியார்தான். அப்புறம், தனியார் கல்வி நிலையமான சிம் இன்றும் அதே கிளமெண்டி ரோட்டில், பக்கத்திலேயே இயங்குகிறது. பேருந்தில் போகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்! பத்தாண்டுக்கு முந்தைய தகவலை யாரோ இன்றைய செய்தியாக அனுப்பிவிட்டார், அவ்வளவுதான்.

தமிழ்மொழி இலக்கியப் பட்டம் சிம் பல்கலைக்கழகமாக இருந்த காலத்திலேயே தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் வந்து படிப்பவர்களுக்கு அது பெரிய வசதி. முதுமையியலில் முனைவர் பட்டம் வரை ஆய்வு செய்யவும் அங்கே வழி உண்டு. மூப்படையும் ஊருக்கு வேண்டியதுதானே.

சரி, ஒன்றை மட்டும் கலக்க வேண்டாம். பட்டம் இருந்தால் உடனே தமிழாசிரியர் ஆகிவிட முடியாது. அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராவதற்குத் தேசியக் கல்விக் கழகத்தின் பயிற்சி தனி.