பாம்பெர்க் வீடியோ பற்றி

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கத்தில் நண்பர்களாகச் சுற்றிப் பார்க்கப் போன பீர் ஆலையில், நம்மில் ஒருவன் புகை பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "கருவாட்டுத் தண்ணிடா" என்று தரையில் துப்பிச் சிரிக்கிற வீடியோ. நேற்றிலிருந்து எனக்கும் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுகின்றன. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிடிக்கவில்லையா, கிளாஸைக் கீழே வை. ஊற்றிக் கொடுத்த மனுஷன் இரண்டடி தள்ளி நிற்கும்போது துப்பாதே.

அதற்கு முன்னால் அவர் காட்டியது எதுவும் வீடியோவில் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை அள்ளிக் கொடுத்து மெல்லச் சொன்னார். பீச் மர விறகுப் புகையிலேயே காய்ந்த பார்லி. ஒரு காலத்தில் பல ஊர்களிலும் விறகுத் தீயில்தான் மால்ட்டை, அதாவது இந்த முளைகட்டிய தானியத்தை, காயவைத்தார்கள். புகை படாத சூளை வந்ததும் பெரும்பாலோர் மாறிக்கொண்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லென்கர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு பீர் ஆலைகளும் இன்னும் விடவில்லை. "எசென்ஸ் ஊத்தியிருப்பான்" என்று கமெண்ட் போட்ட தம்பி, 1516-லேயே பீரில் பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று சட்டம் போட்ட பவேரியாவில்தான் இன்று பாம்பெர்க் இருக்கிறது. அந்த வாசனை விறகிலிருந்து வந்தது.

எங்கள் ஆச்சி உடன்குடிப் பக்கம் விடிலியில், பனங்காட்டுக் குடிசையில், பதநீர் காய்ச்சியவள். கண் எந்நேரமும் சிவந்தே இருக்கும். சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை ஒரு வியாபாரி கிள்ளி வாயில் போட்டு, "புகை நாறுது" என்று அவள் காலடியில் துப்பினான். விலையைக் குறைக்கத்தான். ஆச்சி ஒன்றும் பேசாமல் அதன்மேல் மண்ணைத் தள்ளினாள். பாம்பெர்க்கில் அவரும் ஒன்றும் பேசவில்லை. ரப்பர் குழாயை எடுத்துத் தரையைக் கழுவினார்.

"குடிக்கு வக்காலத்தா?" என்பவர்களுக்கு இங்கே பதில் இல்லை. "காசு கொடுத்தோமே" என்கிறார்கள். பீருக்குத்தான் கொடுத்தோம், அவரை அவமானப்படுத்த இல்லை. "ஒயின் ருசிப்பவர்கள் துப்புவதில்லையா?" துப்புவார்கள், அதற்கென்று வைத்த பாத்திரத்தில். "அவனவன் ருசி அவனவனுக்கு." சரி, எனக்கும் முதல் வாய் தொண்டையில் நின்றது. பாதி கிளாஸ் தாண்டித்தான் மால்ட்டின் இனிப்பு தெரிந்தது. தெரியாமலே போயிருந்தாலும் துப்பியிருக்க மாட்டேன்.

இத்தனைக்கும் கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு "நம்ம பாரம்பரியம்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவன் நீ. அடுத்தவன் பாரம்பரியம் மட்டும் உனக்குக் கருவாட்டுத் தண்ணியா? அவருக்குத் தமிழ் தெரியாது என்பதுதானே உன் தைரியம்? துப்பினால் புரிய மொழி வேண்டியதில்லை.

வீடியோவை நீக்கிவிடு. நீக்கும்வரை அடுத்த கொலோன் பயணத்தில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.