ஒயிட் ஓக் கணக்கில் விடுபட்டது

"அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் ஒயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணையின் மாட்டிறைச்சி ஒரு கிலோ சாப்பிட்டால் காற்றிலிருந்து 3.5 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயு குறையும்" என்று சிலர் சொல்வது பாதிக் கணக்கு.

பண்ணை உரிமையாளர் வில் ஹாரிஸ் 1995-லிருந்து தானியத் தீவனம், ரசாயன உரத்தை விட்டுப் புல்மேய்ச்சலுக்கு மாறியது உண்மை. 3.5 என்பதும் 2019 அறிக்கையில் இருக்கிறது, மாட்டுக்கு மட்டும். ஆனால் அதே பண்ணையின் கோழி, பன்றி, ஆடு எல்லாம் சேர்த்து 2020-இல் வந்த ஆய்வில், மண்ணில் சேர்ந்த கார்பனைக் கழித்த பிறகும் ஒரு கிலோ இறைச்சிக்குச் சுமார் 4.1 கிலோ உமிழ்வு மிச்சம். வழக்கமான முறையைவிட 66% குறைவு, நல்ல விஷயம்தான். ஆனால் நிலம் 2.5 மடங்கு தேவை.

மண் கணக்கிலும் ஒரு சிக்கல். ஒரே வயலை 20 வருஷம் அளக்கவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் மேய்ச்சலுக்கு வந்த வயல்களை ஒரே சமயத்தில் அளந்து வரிசையாக அடுக்கினார்கள். வயல்கள் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருந்தன என்பது அனுமானம். தவிர, உழுது உழுது வெளுத்துப்போன மண் முதல் சில வருஷம் வேகமாகக் கார்பன் சேர்க்கும், பிறகு மெல்ல நின்றுவிடும். மாடு விடும் மீத்தேன் நிற்காது. கோழித் தீவனம் வேறு வெளியிலிருந்து வருகிறது. எச்சமாக அந்த மண்ணில் விழுவது வேறொருவர் வயலின் சத்து.

உங்கள் நிலத்தில் அளப்பதானால் மேல்மண்ணோடு நிறுத்தாமல் குறைந்தது 30 செ.மீ. ஆழம் எடுங்கள், மண்ணின் அடர்த்தியையும் சேர்த்து. வெறும் கார்பன் சதவீதம் வைத்து எக்டேருக்கு எத்தனை டன் என்று சொல்லவே முடியாது.